மதுரையில் இரண்டு நாள், ஆறு பேர்: சாப்பாட்டுத் திட்டம் எங்கே இடிக்கிறது?

கேட்டவர்: அடையாறு ஆலமரம்

கல்லூரிக் கூட்டாளிகள் ஆறு பேர் செப்டம்பர் கடைசி வாரம் சென்னையிலிருந்து மதுரைக்கு வருகிறோம். வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பல். வருவது சாப்பிடத்தான். வீட்டில் மட்டும் மீனாட்சியம்மன் தரிசனம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் அதையும் முடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமைக்குப் போட்ட திட்டம் இது: காலையில் முருகன் இட்லி கடை, பதினொரு மணிக்கு ஜிகர்தண்டா, மதியம் அம்மா மெஸ், இரண்டரைக்குக் கோயில், ஐந்துக்குக் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், ஏழுக்குப் பன் பரோட்டா, ஒன்பதுக்குச் சிம்மக்கல் கோனார் கடை கறி தோசை. ஞாயிறு மதியம் குமார் மெஸ். மற்றபடி ஞாயிறு காலியாக இருக்கிறது.

ஒருவன் சுத்த சைவம். இரண்டு பேருக்குச் சாயங்காலம் ‘தீர்த்தம்’ இல்லாமல் முடியாது. போன முறை வேறொரு ஊரில் முதல் நாள் மதியப் பிரியாணியிலேயே எல்லோரும் மட்டையாகி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தடவையாவது இரண்டு நாளும் உருப்படியாகச் சாப்பிட என்ன மாற்ற வேண்டும்?

வடக்குமாசிக்காரன்:

முதல் இடி கோயிலில்தான். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இரண்டரைக்குப் போய்க் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கள் வண்டி விடியும் முன்பே வந்துவிடும். டவுன் ஹால் ரோடு பக்கம் 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதியாகப் பார்த்துப் போடுங்கள், குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போங்கள். காலையில் கூட்டமும் குறைவு. செல்போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது, உள்ளே அனுமதி இல்லை.

அப்புறம், முருகன் இட்லி கடைக்குச் சென்னையிலேயே கிளைகள் இருக்கும்போது அதற்கு எதற்குத் தம்பி மதுரை? கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதாவது ஒரு சின்னக் கடையில் நாலு இட்லி, பொங்கல் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

இவர் நேரத்தைச் சொல்லிவிட்டார், நான் ஆற்றைச் சொல்கிறேன். கோயில், விளக்குத்தூண், சிம்மக்கல் எல்லாம் தென்கரை. அம்மா மெஸ், குமார் மெஸ், ஆவின் பக்கத்துப் பன் பரோட்டா எல்லாம் வடகரை. உங்கள் திட்டப்படி சனிக்கிழமை மட்டும் நாலு தடவை வைகையைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் கோரிப்பாளையம் நெரிசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தே பாதி மாலை போய்விடும்.

சனிக்கிழமை முழுக்கத் தென்கரை, ஞாயிறு முழுக்க வடகரை. இதை மட்டும் மாற்றினால் முக்கால்வாசி சிக்கல் தீர்ந்தது. சனி மதியம் தயிர் சாதத்தோடு நிறுத்திவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். இந்த ஊரில் சாப்பாடு சூடு பிடிப்பதே விளக்கு வைத்த பிறகுதான். நாலு மணி வெயிலில் விளக்குத்தூண் ஜிகர்தண்டா. அதைப் பதினொரு மணிக்கு வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதுதான் உங்களை மறுபடி மட்டையாக்கியிருக்கும். சுண்டக் காய்ச்சின பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அதைக் குடித்தபின் எவனுக்கு மதியச் சோறு இறங்கும்? ஆறு பேருக்கு மூன்று டம்ளர் போதும்.

கறி தோசையையும் ஆளுக்கு ஒன்று சொல்லாதீர்கள். அது மெல்லிய தோசை இல்லை. தடியாக மாவை ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, அதன்மேல் கறி மசாலாவை அள்ளி வைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு அழுத்துவார்கள். கறி கல்லில் பட்டு ஓரம் முறுகும்போது வரும் வாசனையில் இரண்டு சொல்லத் தோன்றும். ஒன்று சொல்லி இரண்டு பேர் தின்னுங்கள், போதாவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பயணத்தில் பசிதான் முதல், அதைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள்.

பருத்திப்பால் அக்கா:

சைவத் தம்பியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே! கறி தோசைக் கடையில் அவனுக்கு ‘சாதா தோசை’ சொல்லி உட்கார வைக்காதீர்கள், கல் ஒன்றுதான். சனி சாயங்காலத்தை அவன் பேருக்கு எழுதிவிடுங்கள். மேலச் சித்திரை வீதியில் வெள்ளையப்பமும் பச்சைச் சட்னியும் சூடாக, அதன்பின் எங்காவது முள்முருங்கை வடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். இருட்டியதும் தள்ளுவண்டியில் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். பருத்திக்கொட்டையில் பாலா என்று கேட்பவனுக்கு முதல் டம்ளரைக் கொடுங்கள்.

தீர்த்தக் கோஷ்டிக்கு: டாஸ்மாக் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஆனால் கறி தோசைக்கு முன்னால் அது வேண்டாம் என்பேன், நாக்கு மரத்துப்போனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தம் இல்லை. ஏதாவது ஓட்டல் பாரில் ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருங்கள், குடிக்காதவர்களும் கூட உட்காரலாம்.

அடையாறு ஆலமரம்:

அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. சனி தென்கரை, ஞாயிறு வடகரை என்று மாற்றிவிட்டேன். ஞாயிறு மதியம் மெஸ் ஒன்றே ஒன்று. சாயங்காலம் பன் பரோட்டா தின்றுவிட்டு ஆற்றைத் தாண்டி ஸ்டேஷன். அயிரை மீன் குழம்பு எப்போதும் கிடைக்குமா? இன்னொரு கூத்து: திட்டத்தைக் குழுவில் போட்டதும் ஒருவன் ‘எனக்குப் புரட்டாசி விரதம்’ என்கிறான். இப்போது சைவம் இரண்டாகிவிட்டது.

வைகைக்கரை:

செப்டம்பர் கடைசி என்றால் நடுப்புரட்டாசிதானே, முதலிலேயே கண்ணில் படவில்லை. ஆறில் இரண்டு பேர் கறி தொடாமல் மெஸ்ஸுக்குப் போவது வீண். நவம்பருக்குத் தள்ளுங்கள், தீபாவளி வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அதனால் டிக்கெட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அயிரை விரல் நீளம்கூட இல்லாத மீன், முழுசாகவே குழம்பில் போடுவார்கள். வரத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். காலையிலேயே கடைக்குப் போன் போட்டு ‘இன்றைக்கு அயிரை உண்டா, கிண்ணம் என்ன விலை’ என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லை என்றால் நண்டு ஆம்லெட் சொல்லுங்கள்.

அடையாறு ஆலமரம்:

நவம்பர் இரண்டாவது சனிக்கு ஐந்து பேர் சரி என்றுவிட்டார்கள். ஆறாமவன் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறானாம்.