கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த படம்

கட்சிப் பற்று ஒரு மனிதரை எதுவரை கொண்டு போகும் என்பதை, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம்தான் நான் நேரில் கண்டேன். அது 1996 சட்டமன்றத் தேர்தல் காலம். முந்தைய ஆண்டு செப்டம்பரில் சென்னையில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தைப் பற்றிப் பேசாத வாய் எங்கள் தெருவில் இல்லை. அவர் மீது ஊரெல்லாம் அத்தனை கசப்பு இருந்த அந்த நாட்களிலும், கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த அவருடைய படத்துக்குக் கதம்பம் சாத்திய பிறகே அண்ணாச்சி பாய்லரைப் பற்ற வைப்பார்.

தேர்தல் முடிவு வந்தபோது பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றிருந்தார். 234 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. இரண்டு நாளாவது கடை பூட்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மறுநாள் விடியற்காலையில் வெளுத்த கரைவேட்டியோடு அண்ணாச்சி நின்றார். படத்தில் ரோஜா மாலை தொங்கியது. அதுவரை கேலியைச் சிரித்துக் கடத்திவிடுபவர், அன்று வாயைத் திறந்த ஒருவரிடம் கணக்கு நோட்டைப் பிரித்து நீட்டி, "பாக்கிய வச்சிட்டு எந்திச்சுப் போரும்" என்றார். மாற்றுக் கட்சியில் இருந்த சொந்தத் தம்பியின் மகள் சடங்குக்கும் போகவில்லை. கட்சியால் அவருக்கு ஒரு வட்டச் செயலாளர் பதவிகூடக் கிடைத்ததில்லை என்பதால், ஆதாயத்துக்காக ஒட்டிக்கொண்டவர் என்று அவரைத் தள்ளிவிடவும் எனக்கு வழியில்லை. (நான் வேலையில்லாமல் திரிந்த ஆறு மாதமும் கடனுக்கு டீ கொடுத்தவர் அவர்.) ஊர் திட்டத் திட்ட, அந்த வசவெல்லாம் தம் வீட்டுப் பெண்ணின் மீது விழுவதாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் ப்ளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்ததும், தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். மறுநாள் கடைக்குப் போனால், ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிக்கும் நாளிதழில் முதல் தாளைக் காணவில்லை. சில்லறை எடுக்க அவர் கல்லாவை இழுத்தபோது, அது நான்காக மடிந்து உள்ளே கிடந்தது. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். "எதிர்க்கட்சிக்காரன் செஞ்ச வேலை தம்பி, நம்ம ஆளுவ செய்வானுவளா?" என்றார். அவருடைய மகளும் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மனம் இறங்கும் என்று பல ஆண்டுகள் நம்பினேன். மேல்முறையீட்டில் ஜெயலலிதா அந்த வழக்கிலிருந்து விடுதலையானபோது, "பாத்தீரா" என்ற ஒரே சொல்லோடு என் கையில் லாலாக்கடை அல்வாவைத் திணித்தார். பேருந்தை எரித்த மூவருக்கும் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் நான் கடையில் இருந்தேன்.

தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்துவிட்டு, "பாவம், எத்தன வருசத்த உள்ள தொலச்சிட்டானுவ" என்றார் அண்ணாச்சி. அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று, ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய், முந்தின நாள் வடை சுட்ட எண்ணெயை வடிகட்டத் தொடங்கினார்.