கால் பிரண்டதா, எலும்பு போனதா?

தம்பி ஊர்த் திருவிழாக் கபடியில் பாடிப் போய்த் திரும்பும்போது கால் பிரண்டுவிட்டது. பள்ளத்தூர்ச் செம்மண், தண்ணீர் தெளித்திருந்தும் கட்டாந்தரைதான். பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்புக் கனம் மொத்தமும் கால் விளிம்பில் இறங்கியதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். "சுளுக்குத்தான், நீவினால் சரியாகும்" என்றார் அப்பத்தா. நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். பக்கத்துத் தெருப் பெரியவர் இழுத்து நீவ நீவ, அவன் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினான். விடிந்து பார்த்தால் கணுக்கால் முட்டே தெரியவில்லை. சுண்டுவிரல் வரை கருநீலம்.

பத்து நாள் கழித்துக் காரைக்குடியில் எக்ஸ்ரே. கணுக்காலில் ஒன்றுமில்லை. சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதி உடைந்திருந்தது. பாதம் மடங்கும்போது அங்கே ஒட்டியிருக்கும் தசைநார் எலும்பையே பிய்த்து இழுத்துவிடுமாம்.

டாக்டர் சொன்னது எல்லா ஆட்டக்காரர் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, எக்ஸ்ரே. கணுக்கால் முட்டு இரண்டின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பு, உள்வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பு, இவற்றையும். எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே. கனடாவில் ஒட்டாவா நகர டாக்டர்கள் வகுத்த முறை இது, 1992-ல் வெளிவந்தது. முதல் இரண்டு நாள் நீவவே கூடாது, உள்ளே கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம். காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள்.

தேவகோட்டை வாலிபால்காரன்:
எனக்கு எலும்பு தப்பியது, வெளிப்பக்கத் தசைநார்தான் கிழிந்தது. வலி போனதும் நெட்டுக்குப் போனேன். அதே கால் ஒரே வருடத்தில் மூன்று முறை பிரண்டது. தசைநார் ஆறினாலும் காலுக்குச் சமநிலை தானாகத் திரும்பாது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் விளங்கியது. இப்போது தினமும் பல் துலக்கும்போது ஆத்தங்குடிக் கல் தரையில் ஒற்றைக்காலில் நிற்கிறேன். முதல் வாரம் பத்து எண்ணுவதற்குள் சாய்ந்தேன். அப்புறம் கண்ணை மூடியும் நிற்க வந்தது. இதை விட்டுவிடாதீர்கள்.

கானாடுகாத்தான் ஷட்டில்:
வயது 41. பின்னால் எட்டி அடிக்கக் காலை ஊன்றினேன், யாரோ குதிகாலில் உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. நடக்க முடிந்ததால் சும்மா இருந்துவிட்டேன். டாக்டர் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தார். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசைந்தது. அடிபட்ட காலில் அசையவே இல்லை. கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாண் முழுசாக அறுந்திருந்தது.