கைப்பிடி ஐஸ்கிரீம் வாளியில் வெண்ணெய் திரள்கிறது, என்ன காரணம்?

திண்டுக்கல் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் இரண்டு சாமான்கள் கிடைத்தன. ஒன்று கைப்பிடி ஐஸ்கிரீம் வாளி. வெளியே இரும்பு வளையம் போட்ட மரவாளி, நடுவில் மூடியுள்ள தகர உருளை, அதற்குள் மரச்சட்டம் பொருத்திய துடுப்பு, மேலே பல்சக்கரமும் கைப்பிடியும். உருளை நான்கு லிட்டர் பிடிக்கிறது. இன்னொன்று சதுரமான கண்ணாடி ஜாடி. அதன் மூடியிலும் பல்சக்கரமும் கைப்பிடியும் உண்டு. உள்ளே மரத்தாலான விசிறி போல ஒன்று சுற்றுகிறது. அது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வாளியை நன்றாகக் கழுவி மூன்று முறை முயன்றுவிட்டேன். முதல் முறை, பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினேன். ஃபிரிட்ஜில் எடுத்த ஒன்றரை கிலோ ஐஸ் கட்டி, இரண்டு கைப்பிடி தூள் உப்பு. நாற்பது நிமிடம் சுற்றியும் பாயசம் போலவே இருந்தது. இரண்டாம் முறை ஐஸும் உப்பும் கூட்டினேன். ஓரளவு கெட்டியானது, ஆனால் வாயில் வைத்தால் உப்பு. மூன்றாம் முறை எருமைப்பாலின் ஏட்டை ஐந்து நாள் சேர்த்து, அதை வைத்துச் செய்தேன். சளைக்காமல் வேகமாகச் சுற்றினேன். திறந்து பார்த்தால் நீர்த்த பாலில் வெள்ளை மணிகளாக வெண்ணெய் மிதக்கிறது!

மகளின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது. அன்று இந்த வாளியில் செய்துதான் தரவேண்டும் என்று ஆசை. எங்கே தவறுகிறேன்?

மதுரை மாணவன்:

அக்கா, முதல் முறை உப்பு போதவில்லை என்று தோன்றுகிறது. ஐஸுக்குச் சமமாக உப்பைக் கொட்டிப் பாருங்கள். உப்பு கூடக் கூடக் குளிரும் கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.

கொடைக்கானல் பழையவர்:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் என் வலது தோள் வலித்தது. அந்த வாளியின் கைப்பிடியை எட்டு வயதிலிருந்து சுற்றியவன் நான். என் அப்பா கொடைக்கானலில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல்காரராக இருந்தார். அந்த மலையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இலேயே வீடு கட்டிக் குடியேறியவர்கள். அவர்கள் ஊர்ச் சாமான்கள் அங்கே பல வீடுகளில் தங்கிவிட்டன. அப்பாவின் சமையலறையிலும் நீங்கள் சொன்ன இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

முதலில் ஜாடி. அது வெண்ணெய் கடையும் ஜாடி. நம் மத்துக்கு அமெரிக்கக் குடும்பங்கள் வைத்திருந்த மாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் நகரில் டேசி என்ற நிறுவனம் 1900களின் தொடக்கத்திலிருந்து இப்படிப்பட்ட ஜாடிகளை ஏராளமாகச் செய்தது. நம் கயிற்று மத்து வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பிச் சுழலும்; அது ஒரே பக்கம் சுழலும். பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைச் சுற்றுவதால் கை ஒரு சுற்றுச் சுற்றினால் விசிறி பல சுற்றுச் சுற்றிவிடும். ஜாடி சதுரமாக இருப்பது அழகுக்காக அல்ல. உருண்டைப் பாத்திரத்தில் ஏடு விசிறியோடு சேர்ந்தே சுழன்று போய்விடும்; மூலைகள் அதைத் தடுத்து மோத வைக்கும்.

இப்போது வாளிக்கு வருகிறேன். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தவறுகள் நடந்திருக்கின்றன.

தம்பி சொன்ன யோசனையை மட்டும் செய்துவிடாதீர்கள். உப்பு கூடினால் குளிர் கூடும் என்பது ஓரளவுக்குத்தான். உப்புக் கரைசலில் உப்பு நூற்றுக்கு 23 பங்கு இருக்கும்போது உறைநிலை மைனஸ் 21 டிகிரிக்கு இறங்கும். அதற்குக் கீழே உப்பால் இறக்க முடியாது. நமக்கு அவ்வளவு குளிரும் வேண்டாம். மிகுந்த குளிரில் உருளையின் உள்சுவரில் பால் சட்டென்று கல்லாகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் திரவமாகவே கிடக்கும். துடுப்பு சிக்கும். பலத்தைக் கொடுத்துச் சுற்றினால் பல்சக்கரத்தின் பல் உடையும். பழைய வார்ப்பிரும்புப் பல் உடைந்தால் இன்றைக்கு மாற்றுவது பெரும்பாடு.

குளிர் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் எல்லாம் எளிதாகிவிடும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்குத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமானது. உப்பு பட்டால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயும் உருகியாக வேண்டும். அந்த வெப்பத்தை அது உருளைக்குள் இருக்கும் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. வெளியே மரம் இருப்பதால் அறையிலிருந்து வெப்பம் எளிதில் உள்ளே வராது. ஆகவே உருகுவதுதான் வேலை செய்கிறது. ஐஸ் உருகிவிடுகிறதே என்று பயந்து பெரிய கட்டிகளாகப் போட்டால் உருளையைத் தொடும் பரப்புக் குறைந்து, குளிர் உள்ளே போகாது. அப்பா ஐஸைச் சாக்கில் கட்டிக் கொட்டாப்புளியால் அடித்து, பாக்கு அளவுக்கு நொறுக்குவார். அந்த ஐஸ் வத்தலக்குண்டிலிருந்து மரத்தூள் போட்ட சாக்கில் பஸ் கூரையில் ஏறி வரும். மலை ஏறுவதற்குள் பாளத்தில் கால் பங்கு கரைந்திருக்கும். அதனால் ஒரு துண்டைக்கூட வீணாக்க மாட்டார்.

நாங்கள் வைத்த கணக்கு, எட்டுக் கிலோ ஐஸுக்கு ஒரு கிலோ கல்லுப்பு. தூள் உப்பு ஒரேயடியாகக் கரைந்து அடியில் போய்விடும். கல்லுப்பு மெல்லக் கரையும். மூன்று விரற்கடை ஐஸ், அதன்மேல் உப்பு, மறுபடி ஐஸ் என்று உருளையைச் சுற்றி அடுக்க வேண்டும். உங்கள் ஒன்றரை கிலோ ஐஸ் அந்த வாளிக்கு அடிகூடக் காணாது. பாலையும் சூடாக ஊற்றியிருக்கிறீர்கள். பாதி ஐஸ் அந்தச் சூட்டைத் தணிக்கவே செலவாகியிருக்கும்.

இரண்டாம் முறை உப்புக் கரித்ததற்குக் காரணம் இன்னொன்று. மரவாளியின் பக்கத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். தேடுங்கள். பரணில் கிடந்ததால் தூசியோ குளவிக்கூடோ அடைத்திருக்கும். உருகிய உப்புத் தண்ணீர் உருளையின் மூடி உயரத்துக்கு ஏறாமல் வெளியேறுவதற்காக வைத்த வழி அது. அதை அடைத்தால் தண்ணீர் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். பத்து வயதில் நானே அதைச் செய்தேன். தரை நனைகிறதே என்று துளையில் துணியைச் செருகிவிட்டேன். அப்பா மூடியைத் திறந்து ஒரு கரண்டி வாயில் வைத்தார். அடிக்கவில்லை. உருளையை அப்படியே கொல்லையில் கவிழ்த்தார். ஆறு முட்டை, இரண்டு லிட்டர் பால், மலைப் ப்ளம்ஸ். அன்று மாலை விருந்தினருக்கு வெறும் பழம்தான் வைத்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் செய்தது வெண்ணெய் கடையும் வேலை, அம்மா. சாமான் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏட்டில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய தோல் போர்த்தி மிதக்கிறது. அடித்தால் தோல் கிழியும். கிழிந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரளும், நீர் மோராகப் பிரியும். இதற்குத் தோதான சூடு 10 முதல் 15 டிகிரி வரை. நீங்கள் கெட்டி ஏட்டைக் குளிரவைக்காமல் ஊற்றியிருப்பீர்கள்; முதலிலிருந்தே வேகமாகவும் சுற்றினீர்கள். பால் குளிர்ந்துகொண்டே வந்து சரியாக அந்தச் சூட்டைக் கடக்கும்போது நன்றாக அடி வாங்கியது. உறைவதற்கு முன்பே கடைந்துவிட்டீர்கள்.

ஐஸ்கிரீமுக்கும் அந்த உருண்டைகள் கொஞ்சம் ஒட்ட வேண்டும். அப்போதுதான் காற்றைப் பிடித்துக்கொண்டு மெத்தென்று நிற்கும். முழுக்கத் திரண்டுவிடக் கூடாது. அதனால் கலவையைக் காய்ச்சி ஆறவைத்து, முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் 4 டிகிரியில் எடுத்து ஊற்றினால் கடையும் சூட்டைப் பற்றிய கவலையே இல்லை. ஏட்டை மட்டும் ஊற்றாதீர்கள். ஒரு பங்கு ஏட்டுக்கு இரண்டு பங்கு பால் சேருங்கள். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். காற்றுச் சேர்ந்து பொங்கும்.

முதல் பத்து நிமிடம் மெதுவாக, நிற்காமல் சுற்றுங்கள். நின்றால் சுவரில் பெரிய பனித் துகள்கள் வளரும். அவைதான் நாக்கில் நறநறவென்று படுபவை. துடுப்பின் மரச்சட்டம் சுவரைச் சுரண்டிச் சுரண்டித் துகள்களைச் சிறிதாகவே வைத்திருக்கும். பிறகு கை கனக்கும். கைப்பிடிக்குள் யாரோ மெல்ல எதிர்த்துத் தள்ளுவது போல இருக்கும். அப்போதுதான் வேகம் கூட்ட வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு. எனக்குக் கை ஓய்ந்துபோய் அப்பா வந்து வாங்கிக்கொள்ளும் நேரம் அதுதான். அவர் சுற்றும்போது சத்தமே வேறு. முதலில் சளசளவென்று கேட்பது, கடைசியில் ஈரமணலில் செருப்பு உரசுவது போல ஆகிவிடும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுவார். ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரி. உள்ளே இருக்கும் நீரில் பாதிதான் உறைந்திருக்கும். துடுப்பை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, துளை வழியாகத் தண்ணீரை வடித்து, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் புது ஐஸும் உப்பும் நிரப்பி, ஈரச்சாக்குப் போர்த்தி இரண்டு மணி நேரம் விடுங்கள். மீதியும் இறுகிவிடும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஒரு பெண் என்பதைப் பிறந்தநாள் அன்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் 1843இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பாத்திரத்தை ஐஸில் புதைத்து, கையால் திருப்பி, அவ்வப்போது திறந்து கரண்டியால் சுரண்ட வேண்டும். அரைநாள் வேலை. மூடியைத் திறக்காமலே சுரண்டலாம் என்று அந்த அம்மாள் காட்டினார்.

காங்கேயம் இல்லத்தரசி:

ஐயா எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. நாங்கள் இன்றும் கயிற்று மத்தில்தான் கடைகிறோம். சகோதரி, கண்ணாடி ஜாடியில் வெண்ணெய் எடுப்பதாக இருந்தால் விடிவதற்கு முன் செய்யுங்கள். நம் பக்கம் ஏட்டை மட்டும் கடைவதில்லை; பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்கிக் கடைவோம், அதனால்தான் மோருக்கு அந்தப் புளிப்பு. சித்திரை வெயிலில் பத்து மணிக்குக் கடைந்தால் வெண்ணெய் திரளாது, எண்ணெய் போல மோரிலேயே இழுபடும். என் மாமியார் பானைத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவார். உடனே மணி மணியாகக் கூடும். மார்கழியில் நேர்மாறு. வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றாவிட்டால் கை வலிதான் மிச்சம்.

கொடைக்கானல் பழையவர்:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. எங்கள் மலையில் ஆண்டு முழுவதும் மார்கழிதான். டிசம்பரில் ஜாடியை வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைத்துவிட்டுத்தான் சுற்றத் தொடங்குவோம். அந்தச் சமையலறையில் நான் காலையில் ஜாடியோடு வெந்நீரைத் தேடுவேன், மாலையில் வாளியோடு ஐஸைத் தேடுவேன். இரண்டும் ஒரே பாலுக்குத்தான்.

இன்னும் இரண்டு விஷயம், திண்டுக்கல் அம்மா. உருளையின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு உரிந்து துரு தெரிந்தால் அதில் செய்து குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பழைய பற்றவைப்பில் காரீயம் கலந்திருக்கும் வாய்ப்பும் உண்டு. பாத்திரப் பட்டறையில் அதே அளவுக்கு எவர்சில்வர் உருளை ஒன்று அடித்து வாங்குங்கள்; செலவைப் பார்க்காதீர்கள். பல்சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்து பிடித்துக்கொள்ளும். அப்பா ஒரு கோழி இறகால் விளக்கெண்ணெய் தடவுவார். ஐஸ் போடுவதற்கு முந்தின நாள் மரவாளியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். காய்ந்த பலகைகள் ஊறி, உப்பி, இடுக்கு மூடிக்கொள்ளும்.

திண்டுக்கல் வாசகி:

ஐயா, துளை கிடைத்துவிட்டது. குளவிக்கூடுதான், அப்படியே மண் கட்டியாக அடைத்திருந்தது. உருளைக்குள் அடிப்பக்கம் நாணய அளவுக்குத் துரு இருந்தது. எவர்சில்வரில் ஒன்று அடித்து வாங்கினேன். மூடியின் நடுத்துளையை மட்டும் பட்டறைக்காரர் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது.

நேற்று ஒத்திகை பார்த்தோம். ஆறு கிலோ ஐஸ், முக்கால் கிலோ கல்லுப்பு. கலவை இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் இருந்தது. சிறுமலைப் பழம் இரண்டை மசித்துக் கலந்தேன். மகளும் நானும் மாறி மாறிச் சுற்றினோம். பதினாறாவது நிமிடத்தில் அவள், "அம்மா, யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுக்கிறார்கள்" என்றாள். நீங்கள் எழுதியதை அவளுக்கு நான் படித்துக் காட்டவே இல்லை. கைப்பிடியை வாங்கி ஐந்து நிமிடம் சுற்றினேன். ஈரமணல் சத்தம் வந்தது.

கண்ணாடி ஜாடியில் நாளைக் காலை ஐந்து மணிக்குக் கடைகிறேன்.