களையெடுப்புப் பாட்டின் மீதி வரிகள்

விளாத்திகுளம் பக்கக் கரிசக்காட்டில் பாடிய களையெடுப்புப் பாட்டு ஒன்று. பருத்தி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வண்டி பூட்டிப் போன மாமனை நினைத்து ஒருத்தி பாடுவது. அம்மாவுக்கு முதல் இரண்டு கண்ணிதான் தெரியும். மாமன் திரும்பி வந்தானா இல்லையா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'அவர்கள் வருகிறார்கள்' என்று திருத்தமாக அடித்தால் எதுவும் சிக்காது. 'அவுக வாராக' என்று காதில் விழுந்தபடியே அடியுங்கள். எனக்கு அப்படித்தான் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) கிடைத்தது. பாட்டுக்குக் கீழேயே வட்டார வழக்கு, சேகரித்தவர், இடம் என்று குறித்திருக்கிறார்கள். எஸ்.எஸ். போத்தையா எங்கள் பக்கத்தில் சேகரித்தவையும் அதில் உண்டு. நான் தேடிய பாட்டு இல்லை. ஆனால் ஊர்ப்பெயர்கள் இருந்ததால் எங்கே போய் விசாரிக்கலாம் என்று பிடி கிடைத்தது.

அப்படிப் போன ஊரில், தூரத்து உறவில் ஓர் அத்தை. திண்ணையில் உட்கார வைத்து, "சொல்லுங்க அத்தை, எழுதிக்கிறேன்" என்றால் அவருக்கு நாலு வரிக்கு மேல் வரவில்லை. "சும்மா உக்காந்து கேட்டா எப்படிய்யா வரும்? பிஞ்சைக்கு வா" என்றார். மார்கழி மாதம், உளுந்துக்குக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் நிரை பிடித்து உட்கார்ந்ததும் அத்தை எடுத்துக் கொடுத்தார், மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். கை ஓட ஓட வரி வந்தது! ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று தோன்றியது.

முடிவில்தான் தகராறு. அத்தை பாட்டில் மாமன் சேலையோடு வருகிறான். பக்கத்து நிரைப் பெண் பாட்டில் அவன் பருத்தி ஆலை வேலையிலேயே தங்கிவிடுகிறான். அவருடைய அம்மா ஊரில் அப்படித்தானாம். எது சரி என்று நான் முடிவு செய்யவில்லை. இரண்டையும் ஊர்ப்பெயரோடு தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல். செல்போனில் பதிந்ததும் இருக்கிறது.

எட்டயபுரம், சாத்தூர் பக்கத்து வீடுகளில் இந்த வண்டிக்கார மாமன் பாட்டு இருந்தால், உங்கள் ஊரில் அவன் என்ன ஆனான் என்று சொல்லுங்கள். யாரிடம் கேட்டு எழுத வேண்டுமோ அவர்களுக்கு இப்போதே எழுபது வயதுக்கு மேல்.