ஜெரேனியம் துண்டுகளின் அடி கறுத்து அழுகுவதைத் தடுக்க வழி உண்டா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் தொட்டிகளில் வளரும் சிவப்பு ஜெரேனியத்திலிருந்து புதிய செடிகளை உண்டாக்க விரும்புகிறேன். பூக்காத தண்டை நான்கு அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைத்திருந்து, பிறகு மணலும் தென்னை நார்த்தூளும் சமமாகக் கலந்த சிறு தொட்டிகளில் நட்டு வருகிறேன். கோடையில் இம்முறை ஏமாற்றுவதில்லை. ஆனால் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், மேலே இலைகள் பசுமையாக இருக்கும்போதே தண்டின் அடிப்பகுதி மை தடவியதுபோல் கறுத்து, விரலால் அழுத்தினால் நீர் கசியும் அளவுக்கு அழுகிவிடுகிறது. ஈரம் தேங்கும் மண்ணில் பெருகும் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிதான் இதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். ரோஜாவுக்குச் செய்வதுபோல் பாலித்தீன் உறையால் மூடும்படி சிலர் சொன்னார்கள். தண்டிலேயே நீரைத் தேக்கி வைக்கும் இந்தச் செடிக்கு அது ஆகாது என்பது என் கருத்து.

மழை மாதங்களில் நார்த்தூளைக் குறைத்து, நீர் எளிதில் வடிய உதவும் வெண்ணிறக் கல் துகளான பெர்லைட்டைக் கூட்டலாமா? நடும் கலவையிலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகல் நோயைக் கட்டுப்படுத்தும் நன்மை தரும் பூஞ்சையைச் சேர்த்துப் பயன் கண்டவர்கள் இருக்கிறீர்களா, அல்லது மாசி வரை பொறுத்திருப்பதே நல்லதா? மலைப்பகுதிகளில் ஜெரேனியம் வளர்க்கும் அன்பர்கள், தாங்கள் பயன்படுத்தும் கலவையின் அளவையும் நீர் விடும் இடைவெளியையும் குறிப்பிட்டு எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.