புதுப்பிப்பு: கார் கண்ணாடியில் போர்வெல் தண்ணீர்க் கறை

போர்வெல் தண்ணீரில் கழுவும் காரின் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன, ஷாம்பு போட்டும் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் போய்விட்டது.

வேலை செய்தது சமையலறை வெள்ளை வினிகர்தான். சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கறைமேல் சில நிமிடம் ஒட்டி வைத்தேன். அந்தத் திட்டு கால்சியம், மெக்னீசியம் உப்புப் படிவு. அமிலம் பட்டால் கரையும். நிழலில் செய்யுங்கள், வெயிலில் துணி உடனே காய்ந்துவிடும். பெயின்ட்டில் வழிந்தால் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

முன் கண்ணாடியில் வைப்பர் ஓடும் இடம் மட்டும் அடம்பிடித்தது. அதற்கு சீரியம் ஆக்சைடு பாலிஷ் (கண்ணாடியை மெருகேற்றும் நுண்பொடி) தேய்க்க வேண்டியிருந்தது (கை வலி நிச்சயம்!). சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்தில் இந்தப் பாலிஷைப் போடவே கூடாது, அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம்.

பிளேடால் சுரண்டச் சொன்னவர்களுக்கு: ஒரு மண் துகள் சிக்கினாலும் கோடு விழும், நான் துணியவில்லை.

அப்புறம், தண்ணீர் தானாகக் காய்ந்தால்தான் உப்பு தங்குகிறது. கழுவிய கையோடு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுகிறேன். செய்தித்தாளும் பரவாயில்லை, ஆனால் கதவு ரப்பரில் மை ஒட்டுகிறது.