கருவிழிக்கு கிராஸ் லிங்கிங் செய்த பிறகு செமஸ்டர் தேர்வுக்குப் படிப்பது எப்படி?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி அருகே, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். கண்ணாடி மாற்றும்போதெல்லாம் சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போனதால் கருவிழியின் வளைவைப் படமாகக் காட்டும் டோப்போகிராஃபி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கண்களிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய், இருப்பதாகத் தெரிந்தது. வலக் கண்ணில் வேகமாக முற்றி வருகிறது என்பதால் அதற்கு மட்டும் அண்மையில், நோய் முற்றாமல் கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்தார்கள். தொடக்கத்தில் இருந்த கடும் வலியும் நீர் வடிதலும் குறைந்துவிட்டன. கருவிழியின் மேல்தோல் மூடிவிட்டது என்று சொல்லி ஆறும் வரை கண்ணில் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது என் கவலை படிப்பைப் பற்றியது. அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு. வலக் கண்ணில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே மங்கலாக இன்னொரு எழுத்து நிற்கிறது. சாதாரணப் பாடப் புத்தகத்தை இடக் கண்ணை வைத்துச் சமாளிக்கிறேன். ஆனால் வெப்பப் பரிமாற்றப் பாடத்தின் டேட்டா புக்கைத் திறந்தால், அந்தப் பொடி எழுத்து அட்டவணையில் 3 எது, 8 எது என்றே பிரித்தறிய முடியவில்லை. புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஐயமாக இருக்கிறது. இந்த நிலையில் படித்தால் ஆறிவரும் கருவிழி கெட்டுப்போகும் என்று விடுதி நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டிலோ ஆச்சி, நந்தியாவட்டைப் பூவைச் சாறு பிழிந்து விட்டால் கண் குளிர்ந்துவிடும் என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறார். படிக்கலாமா, கூடாதா? படிக்கலாம் என்றால் எப்படிப் படிப்பது? இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒத்தக்கடை எழுதியது:

தம்பி, எனக்குக் கல்லூரிக் காலத்திலேயே இரண்டு கண்களுக்கும், ஒன்றன்பின் ஒன்றாக, இதே சிகிச்சை நடந்தது. முதலில் உங்கள் நண்பர்களின் பயத்தைத் தள்ளிவையுங்கள். படிப்பதனால் கருவிழி கெடாது. எனக்குச் சிகிச்சை செய்த மருத்துவர், புத்தகம் படிப்பதையும் கண்ணைக் கசக்குவதையும் ஒப்பிட்டு, முதலாவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, இரண்டாவதைத்தான் நான் உங்கள் அம்மாவிடம் சொல்லி வைப்பேன் என்றார். படித்துக் களைத்த கண் அரிக்கும். அரிக்கும்போது கை தானாகப் போகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ஒத்துவந்த முறையைச் சொல்கிறேன். கணக்கு இல்லாத பாடங்களைக் காதால் படித்தேன். கைப்பேசியில் எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் அது சமன்பாடு வந்தால் உளறும். அதைவிட, வகுப்புத் தோழன் ஒருவன் ஒவ்வொரு அலகையும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியது எனக்குப் பெரிதும் பயன்பட்டது. அவனுக்கும் அதுவே படிப்பாயிற்று. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளி வகுப்புகளைத் திரையைப் பார்க்காமல் கேட்டாலே பாதி புரியும், மீதியைக் கண் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கணக்குப் பாடங்களுக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிப் பழகினேன். கைப்பேசித் திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிக்கொண்டதால் வெளிச்சத்தில் கண் கூசுவதும் குறைந்தது.

பேருந்தில் போனால் சன்னலோரம் உட்காராதீர்கள். காற்றும் தூசியும் அடித்தால் அன்று மாலை முழுவதும் கண் உறுத்தும்.

விழித்துணை எழுதியது:

நான் ஒரு கண் மருத்துவமனையில் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதுதான் இறுதியானது என்ற எல்லைக்குள் நின்று, பொதுவாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கெரட்டோகோனஸில் கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளுகிறது. ரைபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டை ஊறவிட்டு, அதன் மேல் புற ஊதா ஒளியைச் செலுத்தும்போது கருவிழியின் கொலாஜன் இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன; தொய்ந்த கயிற்றுக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டுவது போன்ற வேலை இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி 2003-இல் வெளியான மூல முறையில் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் அளவில் 30 நிமிடம் ஒளி செலுத்துவார்கள். இப்போது பல இடங்களில் 9 மில்லிவாட்டில் 10 நிமிடம் செலுத்துகிறார்கள். மொத்த ஆற்றல் இரண்டிலும் 5.4 ஜூல்தான். இதன் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் நிறுத்துவது. பார்வையைக் கூட்டுவது இதன் வேலையன்று என்பதை இளைஞர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும், கண்ணாடி போய்விடும் என்ற எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள்.

உங்களுக்கு இப்போது தெரியும் புகைமூட்டம் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. மேல்தோல் மூடிவிட்டாலும் அதன் பரப்பு சமமாவதற்கு வாரங்கள் ஆகும். உள்ளடுக்கில் மெல்லிய மங்கலும் படரும். முதல் மாதத்தில் பார்வை முன்பைவிடக் குறைந்து, மூன்றாம் மாத அளவில் பழைய நிலைக்கு வந்து, அதன்பின் மெல்லச் சீராவது பெரும்பாலோரிடம் காணும் போக்கு. ஒரு மாதத்தில் எடுக்கும் டோப்போகிராஃபியில் கூம்பு கூடியதுபோல் எண்கள் வந்தாலும் பதறக் கூடாது என்பதும் இதனால்தான். தேர்வு வருகிறதே என்று அவசரப்பட்டு வலக் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சில மாதங்களில் அந்தப் பவர் மாறிவிடும், பணம் வீண்.

ஒத்தக்கடை அவர்கள் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கறுப்புப் பின்னணி கூச்சத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும். விரிந்த கண்மணி வழியே கருவிழியின் ஒழுங்கற்ற பகுதியும் சேர்ந்து ஒளியை வளைப்பதால் நிழலெழுத்து கூடும். கெரட்டோகோனஸ் உள்ளவர்கள் இரவில் அதிகம் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். ஆகவே கூச்சம் கடுமையாக இருக்கும் வரை கறுப்புத் திரை சரி, கூச்சம் தணிந்த பின் நல்ல வெளிச்சத்துக்கு மாறுங்கள். விளக்கு கண்ணுக்கு நேரே இல்லாமல் இடத் தோளுக்குப் பின்னாலிருந்து தாளின் மேல் விழட்டும். உங்கள் டேட்டா புக் அட்டவணையை விடுதி அறையின் மங்கலான விளக்கில் பார்ப்பதற்கும் காலை பத்து மணிக்கு நூலக சன்னலருகே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள். இன்னொன்று, உற்றுப் படிக்கும்போது நாம் இமைப்பதை மறந்துவிடுகிறோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொலைவில் பார்த்து, முழுதாக இமைகளை மூடித் திறந்து, மருத்துவர் எழுதிய செயற்கைக் கண்ணீரை விட்டுக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டைப் பற்றித்தான் நான் கண்டிப்பாகப் பேசுவேன். கண் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, மங்கல் போகவில்லையே என்று கடையில் வாங்கித் தொடரவும் கூடாது. நீண்டால் கண் அழுத்தம் ஏறும். குப்பியைக் குலுக்கி விட வேண்டிய மருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டு மருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிடமாவது விடுங்கள். வலிக்கு மரத்துப்போகச் செய்யும் சொட்டை யாராவது வாங்கித் தந்தால் தொடவே வேண்டாம், அது மேல்தோலை அரித்துவிடும்.

ஆச்சியின் அன்பு பெரிது. ஆனால் பூச்சாறோ, விளக்கெண்ணெயோ, தாய்ப்பாலோ இந்தக் கண்ணுக்குள் போகவே கூடாது. அண்மையில் மேல்தோல் நீக்கப்பட்ட கருவிழி அது. சாற்றோடு கிருமியோ பூஞ்சையோ சேர்ந்தால் வரும் புண் தழும்பாகி நிரந்தரமாகப் பார்வையை மறைத்துவிடும். தலைக்குக் குளிப்பதையும் மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தணிந்த வலி மீண்டும் ஏறினாலோ, சிவப்பு கூடினாலோ, பீளை கட்டினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ தேர்வு நாளாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

மருத்துவத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் அலுவல் பக்கத்தை எழுதுகிறேன். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய், 65-க்கு மேல் நின்றால், மருத்துவக் காரணத்துக்கு உரிய சான்றிதழும் கட்டணமும் செலுத்தித் தேர்வெழுத அனுமதி பெற வழி உண்டு. சான்றிதழைத் தேர்வுக்கு முந்தைய நாள் நீட்டாமல் இப்போதே துறைத் தலைவரிடம் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறிய உள்தேர்வை மறுபடி வைப்பது பெரும்பாலும் ஆசிரியரின் மனத்தைப் பொறுத்தது, ஆகவே நேரில் போய்க் கேளுங்கள்.

தேர்வறைக்குள் சொட்டு மருந்து கொண்டுபோகவும் குளிர்கண்ணாடி அணியவும் மருத்துவரின் கடிதம் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே காட்டினால், மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாத, வெளிச்சமான இருக்கையையும் கேட்கலாம். வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தையும் முதலில் எழுதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். கண் தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் டேட்டா புக் தேவைப்படும் 13 மதிப்பெண் கணக்குகளை முடித்துவிட்டு, பார்க்காமலே எழுதக்கூடியவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் வரி தவறாமல் இருக்க, எண்ணுக்குக் கீழே அடிக்கோலை வைத்துப் படியுங்கள். அடிக்கோலுக்கு எந்தக் கண்காணிப்பாளரும் தடை சொல்வதில்லை.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆச்சியிடம் பேசிவிட்டேன், பூவைச் சாமிக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். துறைத் தலைவரையும் நாளை பார்க்கிறேன். இன்னும் ஓர் ஐயம். இடக் கண்ணுக்கும் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். படிப்பு முடியும் வரை, அதாவது அடுத்த ஆண்டு வரை, அதைத் தள்ளிப்போடலாமா?

விழித்துணை எழுதியது:

அதை நாள்காட்டி சொல்லாது, டோப்போகிராஃபிதான் சொல்லும். உங்கள் வயதில் இந்நோய் வேகமாக முற்றக்கூடியது. கருவிழி 400 மைக்ரானுக்குக் கீழே மெலிந்துவிட்டால் வழக்கமான முறையில் ஒளி செலுத்துவது கருவிழியின் உட்பக்க அடுக்கான உட்படலத்துக்குப் பாதுகாப்பில்லை என்பதால், வாய்ப்பே சுருங்கிவிடும். இடக் கண்ணின் பழைய, புதிய படங்களை ஒப்பிட்டு, மாற்றம் இல்லை என்று மருத்துவர் சொன்னால் சில மாத இடைவெளியில் படமெடுத்துக் கண்காணிக்கலாம். மாற்றம் இருந்தால் இந்தத் தேர்வு முடிந்து வரும் விடுமுறையிலேயே செய்துகொள்வது நல்லது. ஆனால் அப்போது வலக் கண் எழுத்துப் படிக்கும் அளவுக்குத் தேறியிருக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லி நாளைக் குறியுங்கள். வலக் கண்ணுக்கு, கண்ணுக்குள் அணியும் கடினவகை லென்ஸ்களான ஆர்.ஜி.பி. லென்ஸோ, வெண்விழியின் மேல் அமரும் ஸ்கிளீரல் லென்ஸோ பொருந்துமா என்று அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கண்ணாடியில் நீங்காத நிழலெழுத்து பலருக்கு அந்த லென்ஸில் நீங்கிவிடுகிறது.